கோபக்காரரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒருவரோடு பழக ஆரம்பித்திருக்கிறேன். தன்மையாகப் பேசுகிறார். கோபக்காரரா என்று இப்போதே தெரியுமா? ஜாதகம் பார்த்தாலே தெரிந்துவிடும் என்கிறார் அம்மா."

முதலில் ஜாதகம். வானியலாளர் ஜெயந்த் நார்லிக்கர் குழுவினர் 2008இல் 200 பிள்ளைகளின் ஜாதகங்களைத் திரட்டினார்கள். பாதிப் பேர் படிப்பில் கெட்டிக்காரர்கள், மீதிப் பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். யார் எந்தப் பிரிவு என்று சொல்லச் சொன்னதில், பதில் அனுப்பிய 27 ஜோதிடர்களின் கணிப்பு சராசரியாக 46 விழுக்காடுதான் சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். செவ்வாய் தோஷம் என்று சொல்லியே எத்தனை பெண்களின் கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறோம் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

குணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் வெடிக்கோ என்றொரு கோடைக்கால முகாம். நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகள் ஆறு வாரம் அங்கே தங்கினார்கள். உளவியலாளர்கள் யூயிச்சி ஷோடா, வால்டர் மிஷல், ஜேக் ரைட் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒவ்வொரு பிள்ளையையும் சராசரியாக 167 மணி நேரம் கவனித்துக் குறித்திருந்தார்கள். எத்தனை முறை கத்தினான், அடித்தான் என்பதோடு நிறுத்தவில்லை. அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் எழுதினார்கள்: கூட இருந்த பிள்ளை சீண்டியதா, நட்பாக வந்ததா? பெரியவர் பாராட்டினாரா, எச்சரித்தாரா, தண்டித்தாரா?

மொத்தக் கணக்கில் இரண்டு பையன்கள் ஒரே அளவு முரடர்களாகத் தெரியலாம். பிரித்துப் பார்த்தால், ஒருவன் பெரியவர் எச்சரித்தால் எகிறுவான், கூட்டாளி சீண்டினால் சும்மா இருப்பான். இன்னொருவன் அப்படியே நேர்மாறு. அழகு என்னவென்றால், "இது நடந்தால் இப்படிச் செய்வான்" என்ற இந்த வடிவம் பல பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப அப்படியே வந்தது. கையெழுத்து மாதிரி ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஓர் ஆளுக்குள் நிலையானது.

காரணம், நடந்ததற்கும் கோபத்துக்கும் நடுவே மனம் ஓர் அர்த்தம் சொல்கிறது. எச்சரிக்கையை ஒருவன் அக்கறை என்று எடுத்துக்கொள்கிறான், இன்னொருவன் அவமானம் என்று. உளவியலாளர்கள் ஜெரால்டின் டவுனி, ஸ்காட் ஃபெல்ட்மன் 1996இல் காட்டியதும் இதைத்தான்: ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தோடே இருப்பவர்கள், இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளக்கூடிய சாதாரண நடத்தையையும் ஒதுக்கல் என்றே படிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்து ஒரு மணி நேரம் பதில் இல்லை. ஒருவர் "வேலையாக இருப்பாள்" என்று இருந்துவிடுவார். இன்னொருவர் "யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?" என்று தொடங்குவார்.

167 மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் ஆய்வுக்கு இன்று பணம் கிடைப்பது அரிது. கேள்வித்தாளை நிரப்பி வாங்குவது மலிவு. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இப்படிப் பொறுமையான ஆய்வுக்கு நிதி ஒதுக்க வேண்டும்.

மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்திருக்கும்போது இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டுதான் இருப்பீர்கள். சீண்டலும் கண்டிப்பும் அந்த மேசைக்கு வருவதே இல்லை. அதனால் தோட்டத்துத் திடலில் அவர் பந்து விளையாடும்போது போய்ப் பாருங்கள். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினால் முகம் எப்படிப் போகிறது? தன் அணிச் சின்னப் பையன் பந்தைக் கோட்டை விட்டால் என்ன சொல்கிறார்? நடுவரிடம் பவ்யமாக இருந்துவிட்டுப் பையனிடம் சீறுபவர், உங்களையும் ஒருநாள் அந்தப் பையன் இடத்தில் வைக்கலாம். எல்லாவற்றையும்விட, நீங்கள் "முடியாது" என்று சொல்லும் நேரம் முக்கியம். "இந்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போகிறேன், படத்துக்கு வரமுடியாது" என்றதும் வரும் பதிலையும், அடுத்த இரண்டு நாள் அவர் பேசும் விதத்தையும் கவனியுங்கள்.

ஒரு முறை நடந்ததை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் யாராயிருந்தாலும் சிடுசிடுப்பார். அதே சூழல் மறுபடி வரும்போதுதான் வடிவம் தெரியும். கை ஓங்கினாலோ மிரட்டினாலோ மட்டும் மறுபடிக்குக் காத்திருக்காதீர்கள், தங்கை.