முதல் மின்சாரம் மின்நிலையத்துக்கே

2025 ஏப்ரல் 28 அன்று நண்பகல் 12.33 மணிக்கு ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய இரு நாடுகளின் மின்கட்டமைப்பும் சில வினாடிகளில் சரிந்து விழுந்தது. அடுத்த 11 நிமிடங்களுக்குள் பிரான்சிலிருந்து வரும் ஒரு 400 கிலோவோல்ட் மின்தடத்தில் மின்சாரம் மீண்டும் பாய்ந்தது, பிற்பகல் 1.04 மணிக்கு மொராக்கோவுடனான இணைப்பும் கிடைத்துவிட்டது. இருந்தும் போர்ச்சுகலின் மின்கடத்தல் அமைப்பு முழுமையாக மீள நள்ளிரவு 12.22 ஆயிற்று, ஸ்பெயினில் மறுநாள் அதிகாலை 4 மணி ஆயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் தமிழகத்தின் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மின்சாரம் வரத் தாமதமானதன் காரணம் எவர் கண்ணுக்கும் தெரிந்தது. ஸ்பெயினிலோ கோபுரங்களும் கம்பிகளும் நின்ற இடத்தில் அப்படியே நின்றன. எல்லாம் நலமாக இருந்தும் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்.

மின்சாரம் உற்பத்தி செய்வதற்கே மின்சாரம் வேண்டும் என்பதில் சிக்கல் தொடங்குகிறது. நிலக்கரியில் இயங்கும் ஓர் அனல்மின் நிலையம், கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்புகள், காற்றை உள்ளே செலுத்தியும் புகையை வெளியே இழுத்தும் ஓடும் பெரிய விசிறிகள், நிலக்கரியைப் பொடியாக்கும் ஆலைகள் ஆகியவற்றுக்காகத் தன் உற்பத்தியில் ஏறக்குறைய 6 முதல் 8 விழுக்காட்டைத் தானே செலவழிக்கிறது. சாதாரண நாட்களில், நின்றுபோன நிலையம் இந்த மின்சாரத்தைக் கட்டமைப்பிலிருந்து பெற்றுக்கொள்ளும். கட்டமைப்பே இருண்டுவிட்டால் அதற்கு வழியில்லை. ஆகவே வெளியுதவி எதுவுமின்றித் தானாக எழக்கூடிய சில நிலையங்களை முன்கூட்டியே தேர்ந்து வைக்கிறார்கள். இந்தத் திறனை மின்துறையினர் ‘பிளாக் ஸ்டார்ட்’ என்று அழைக்கிறார்கள். இதற்கு மிகவும் ஏற்றது நீர்மின் நிலையம்: அணையில் நீர் காத்திருக்கிறது, மதகைத் திறக்கும் எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு சிறிய டீசல் இயந்திரமும், மின்னாக்கியில் காந்தப்புலத்தை எழுப்ப ஒரு மின்கல அடுக்கும் இருந்தால் சில நிமிடங்களில் சுழலி ஓடத் தொடங்கிவிடும். டீசல் இயந்திரத்தால் முடுக்கிவிடத்தக்க எரிவாயுச் சுழலிகளும் இந்தப் பட்டியலில் உண்டு.

ஏப்ரல் 28 அன்று போர்ச்சுகலிடம் இத்தகைய நிலையங்கள் இரண்டே இருந்தன: செசரெ ஆற்றின் காஸ்டெலோ தெ போட் அணை நீர்மின் நிலையமும், போர்ட்டோ நகருக்கு அருகிலுள்ள தபாதா தோ ஓதெய்ரோ எரிவாயு நிலையமும். பல முயற்சிகள் தோற்ற பின்னரே ஒன்று மாலை 4.11 மணிக்கும், மற்றொன்று 5.26 மணிக்கும் எழுந்து நின்றன. ஸ்பெயினுக்கு நிலைமை சற்று எளிது. அண்டை நாடுகளிலிருந்து மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும் வழியும், தன் நீர்மின் நிலையங்களைச் சுற்றிச் சிறு தீவுகளை, அதாவது தனித்து இயங்கும் சிறு கட்டமைப்புகளை, வளர்க்கும் வழியும் அதற்கு ஒரே நேரத்தில் திறந்திருந்தன. நாலாபுறமும் இணைப்புள்ள நாட்டுக்கும் ஒரே அண்டையை நம்பியிருக்கும் நாட்டுக்கும் மீட்புத் திட்டம் ஒன்றாக இருக்க முடியாது.

முதல் நிலையம் எழுந்ததும் அதன் மின்சாரம் அருகிலுள்ள ஊருக்கு வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். திட்டப்படி அது முதலில் செல்ல வேண்டியது அடுத்த மின்நிலையத்துக்கு. அதற்கான பாதை எந்தெந்தத் துணை மின்நிலையங்கள் வழியாகச் செல்ல வேண்டும் என்பது ஆவணத்தில் வரைந்தே வைக்கப்பட்டிருக்கும். பாதை நெடுகிலும் உள்ள மின்துண்டிப்பான்கள் முதலில் திறந்துவிடப்படுகின்றன, அதாவது இணைப்புகள் துண்டிக்கப்படுகின்றன. இல்லையெனில், மின்சாரம் நுழைந்த கணமே அங்கே தொங்கிக்கொண்டிருக்கும் நகரங்களின் சுமை முழுவதும் அந்தச் சிறு நிலையத்தின் மீது இறங்கிவிடும். இந்தத் துண்டிப்பான்களைத் திறப்பதும் மூடுவதும் துணை மின்நிலையத்தின் மின்கல அறையிலிருந்து வரும் நேர்மின்சாரம். அந்த மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கும் என்பதால், மீட்பு நீள நீளக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் தொலைத்தொடர்பும் ஒவ்வொன்றாக ஊமையாகும் அபாயம் உண்டு. மறுமுனையில் சுமை இல்லாத நீண்ட மின்தடமோ வேறொரு தொல்லை தருகிறது. அதன் மின்தேக்கத் தன்மையால், செலுத்தும் முனையைவிடப் பெறும் முனையில் மின்னழுத்தம் கூடுதலாகிவிடும். இதற்கு ஃபெர்ரான்டி விளைவு என்று பெயர். அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்புக் கருவிகள் தடத்தைத் துண்டித்துவிடும். வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த அழுத்தத்தைத் தணிக்கவும் இயந்திரத்தை நிலைநிறுத்தவும் கொஞ்சம் சுமை தேவைப்படுகிறது. அப்போதுதான் ஏதோ ஒரு சிற்றூருக்கோ நகரின் ஒரு பகுதிக்கோ விளக்கு எரிகிறது. பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டதே என்று பொருமுகிறவர்கள் அறியாதது, அந்தத் தெருவுக்கு மின்சாரம் தரப்பட்டதே இயந்திரத்தின் நலனுக்காக இருக்கலாம் என்பது. கட்டமைப்பின் அதிர்வெண் இங்கும் ஐரோப்பாவிலும் 50 ஹெர்ட்ஸ். சுமை கூடினால் இயந்திரம் மெதுவாகி அதிர்வெண் இறங்குகிறது. பெரிய கட்டமைப்பில் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள சுழலிகள் சேர்ந்து தாங்கும் அதிர்ச்சியை, தனியே ஓடும் ஒரு நிலையத்தால் தாங்க முடியாது. எனவே ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தித் திறனில் சுமார் 5 விழுக்காட்டுக்கு மேல் ஒரே மூச்சில் சுமை சேர்ப்பதில்லை என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் நடைமுறை.

சேர்க்கும் சுமை எவ்வளவு என்று கணிப்பதும் எளிதன்று. பல மணி நேரம் இருண்டு கிடந்த பகுதியில் குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி, தண்ணீர் பம்பு ஆகிய அனைத்தும் ஒரே நொடியில் ஓடத் துடிக்கும். வழக்கமான சுமையைப் போல் இரு மடங்கும் அதற்கு மேலும் முதல் சில நிமிடங்களுக்கு ஏறக்கூடும். கூரைச் சூரியத் தகடுகள் இந்தக் கணக்கில் புதிதாக ஒரு குழப்பத்தைச் சேர்த்திருக்கின்றன. அவற்றின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை, கட்டமைப்பில் ஏற்கெனவே இருக்கும் மின் அலையைப் பின்பற்ற மட்டுமே அறிந்தவை. மின்சாரம் வந்து சில நிமிடங்கள் நிலைத்திருப்பதைப் பார்த்த பிறகே அவை உற்பத்தியைத் தொடங்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஏற்றிய சுமை, அவர் கைப்படாமலேயே சற்று நேரத்தில் குறைந்துபோகும்.

முன்னுரிமை வரிசையில் தலையிடம் பெறுபவற்றுள் அணுமின் நிலையங்களும் அடங்கும். அவற்றால் மின்சாரம் கிடைக்கும் என்பது காரணமன்று. நிறுத்தப்பட்ட உலையின் எரிபொருளும் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருப்பதால், அதைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு இடைவிடாது மின்சாரம் வேண்டும். ஸ்பெயினில் அன்று ஓடிக்கொண்டிருந்த நான்கு உலைகளும் தாமாக நின்றன. டீசல் இயந்திரங்கள் அவற்றின் குளிர்விப்பைக் கவனித்துக்கொண்டன. திடீரென நின்ற உலையில் நியூட்ரான்களை விழுங்கும் செனான் சேர்ந்துவிடுவதால் அதை உடனே ஓட்டவும் இயலாது. அனல் நிலையங்களுக்கும் தனிக் கடிகாரம் உண்டு: சூடு ஆறுவதற்குள் மின்சாரம் கிடைத்தால் சில மணி நேரத்தில் எழும், ஆறிவிட்டால் கொதிகலனையும் சுழலியையும் படிப்படியாகவே சூடேற்ற வேண்டும். 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கையில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டபோது, மாலைக்குள் பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனால் 900 மெகாவாட் திறனுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுவிட்டதால், அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டை மக்கள் பொறுத்துக்கொள்ள நேர்ந்தது.

இவ்வாறு வளர்ந்த தீவுகளை ஒன்றோடொன்று இணைப்பதே வேலையில் நுட்பமானது. இரு பக்கத்திலும் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதோடு, அலைகளின் முகடுகளும் பொருந்தி வர வேண்டும். இணைப்பு நடக்கும் இடத்திலுள்ள சிங்க்ரோஸ்கோப் என்னும் வட்டக் கருவியில் ஒரு முள் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அது 12 மணி நிலையைத் தொடுவதற்குச் சற்று முன்னதாகத் துண்டிப்பானை மூட வேண்டும். முள் கீழ்ப்பாதியில் இருக்கும்போது மூடிவிட்டால் சுழலியின் அச்சே முறுக்கிக்கொள்ளும் அளவுக்கு விசை பாயக்கூடும். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான முதல் இணைப்புத் தடம் மாலை 6.36 மணிக்குத்தான் கிடைத்தது.

இந்தியாவில் 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வடக்கு மண்டலக் கட்டமைப்பு விழுந்தபோது, கிழக்கு, மேற்கு மண்டலங்கள் தந்த தொடக்க மின்சாரத்தால் ரயில், மெட்ரோ, விமான நிலையம் போன்ற அவசரச் சுமைகள் காலை 8 மணியளவில் மீண்டன. முழு மீட்சி மாலை 4 மணிக்கு. மறுநாள் பிற்பகலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து விழுந்தன. அப்போது தென் மண்டலம் உயர் அழுத்த நேர்மின்தடங்களால் மட்டுமே பிற மண்டலங்களோடு இணைந்திருந்ததால் தப்பியது. 2013 டிசம்பர் 31 முதல் அதுவும் தேசியக் கட்டமைப்போடு ஒரே அதிர்வெண்ணில் ஓடுகிறது. உதவி பெறுவது எளிதாயிற்று, விழுந்தால் சேர்ந்து விழும் வாய்ப்பும் வந்தது.

இவற்றுக்கெல்லாம் எழுதி வைத்த திட்டம் எங்கும் உண்டு. எழுதியபடி இயந்திரம் எழுமா என்பதே கேள்வி. சோதனைக்காக நாடு முழுவதையும் இருளச் செய்து பார்க்க எவராலும் முடியாது. அதனால் இந்திய மின்கட்டமைப்பு விதிகள், ஒவ்வொரு உட்பகுதியிலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும் என்றும், பிளாக் ஸ்டார்ட்டுக்கான டீசல் இயந்திரங்களை வாரந்தோறும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும் கூறுகின்றன. ஒத்திகையின்போது ஒரு நிலையத்தையும் அதன் பாதையையும் கட்டமைப்பிலிருந்து பிரித்து இருளச் செய்து, அங்கிருந்து எழுப்பிக் காட்ட வேண்டும். போர்ச்சுகல் அரசு தன் பங்குக்கு, அல்கெவா, பைஷோ சபோர் ஆகிய இரு அணை நிலையங்களையும் தானாக எழுபவற்றின் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.