ஸ்டேக்ஸ்: பணயநிலை

போக்கர் சீட்டாட்டத்தில் ‘ஸ்டேக்ஸ் ஏறுவது’ என்றால் ஒரு கையில், அதாவது ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடும் சுற்றில், பந்தயத்தைக் கூட்டுவது அல்ல. அதற்குப் பெயர் ‘ரெய்ஸ்’. வழக்கமாக ஆடும் மேசையை விட்டு, கூடுதல் பிளைண்ட் உள்ள மேசைக்கு மாறுவதுதான் இது. பிளைண்ட் என்பது சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்; ஒன்று சிறியது, ஒன்று பெரியது. 1-2 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 2-5 வெள்ளிக்குப் போவதுபோல.

பந்தயப் பொருள் என்ற பொருளில் ‘ஸ்டேக்’ 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் வழங்குகிறது. நட்டுவைத்த கம்பின்மேல் பந்தயப் பொருளை வைத்ததால் வந்த பெயர் என்பார்கள்; அகராதிகள் அதை உறுதிசெய்வதில்லை. தமிழில் ஒட்டம், பணயம் இரண்டும் உண்டு. ஒட்டம் வழக்கொழிந்துவிட்டது. பணயம் வடமொழி ‘பண’ வழி வந்தது, ஆனாலும் எல்லாருக்கும் புரியும். ‘பணயத்தை உயர்த்துதல்’ என்று எழுதினால் ரெய்ஸ் என்றே படிக்கத் தோன்றும். ஆகவே ஸ்டேக்ஸுக்குப் பணயநிலை. மாறுவதற்கு மேசை ஏறுதல். ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிய பணமான பேங்க்ரோலுக்குப் புதுச்சொல் தேடவேண்டாம், கைம்முதல் இருக்கிறது.

எப்போது ஏறலாம்? மேசையில் உட்காரும் தொகை பொதுவாக 100 பெரிய பிளைண்ட். 2-5 மேசைக்கு 500 வெள்ளி. அதைப்போல் 30 மடங்கு, அதாவது 15,000 வெள்ளி, வீட்டுச் செலவில் கைவைக்காத கைம்முதலாக இருக்கவேண்டும். அது 10,000க்கு இறங்கினால் பழைய மேசைக்குத் திரும்பவேண்டும். ஏறுபவர்கள் பலர் தவறுவது இந்த இறக்கத்தில்தான். விட்டதை அதே மேசையில் பிடிக்கப் பார்ப்பார்கள்.

பணம் மட்டும் போதாது. பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ-லிமிட் ஆட்டத்தில் 100 கைக்கு ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 90 பெரிய பிளைண்ட். கைகள் நூறு மடங்கானால் பிசகு பத்திலொன்றாகத்தான் குறையும்; ஆகவே 10,000 கை ஆடியபிறகும் 100 கைக்கான சராசரியில் 9 பிளைண்ட் பிசகு நிற்கும். 100 கைக்கு 5 பிளைண்ட் வென்றதாகக் கணக்கு காட்டுபவர் உண்மையில் தோற்கும் ஆட்டக்காரராகவும் இருக்கலாம். நேரடி மேசையில் மணிக்குச் சுமார் 30 கை. 10,000 கைக்கு 330 மணி நேரத்துக்குமேல் பிடிக்கும். இணையத்தில் சீக்கிரம் சேர்க்கலாம் என்பது வெளிநாட்டு அறிவுரை. சிங்கப்பூரில் உரிமமில்லாத தளத்தில் ஆடுவது குற்றம்.

இங்கே இன்னொரு தூண்டுதலும் உண்டு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக்கூடத்துக்குள் போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்டவேண்டும். அது 1-2 மேசைக் கணக்கில் 75 பிளைண்ட், 2-5இல் 30தான். ‘பெரிய மேசையில் கட்டணம் தெரியாது’ என்று ஏறுகிறார்கள். 100 கைக்கு 5 பிளைண்ட் வெல்பவர் அந்த 30ஐ மீட்கவே 20 மணி நேரம் ஆடவேண்டும்.