வாக்குரிமை விரிவாக்கம்: ‘பிரான்சைஸ்’ முதல் பட்டதாரி தொகுதி வரை

சென்னையில் ‘பிரான்சைஸ்’ என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது டீக்கடைக் கிளை, இல்லாவிட்டால் ஐபிஎல் அணி. தேர்தல் சட்டத்தில் அதே சொல்லுக்கு வாக்குரிமை என்று பொருள். பழைய பிரெஞ்சில் ‘ஃப்ராங்க்’ என்றால் கட்டற்றவர். அதிலிருந்து பிறந்த ‘பிரான்சைஸ்’ முதலில் விடுதலையையும் வரிவிலக்கையும் குறித்தது. பிறகு அரசர் ஓர் ஊருக்கோ ஆளுக்கோ அளிக்கும் தனிச்சலுகையைக் குறித்தது. பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு காலத்தில் சிலருக்கு மட்டுமே கிடைத்த சலுகைதான் என்பதால் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. கடை நடத்தும் உரிமம் என்ற பொருள் மிகவும் பிந்தியது.

தமிழில் ‘வாக்குரிமை’ நிலைத்துவிட்டது. வாக்கு வடமொழி வழி வந்தது. ‘வாக்குக் கொடுத்தான்’ என்பதில் வரும் அதே சொல். பேச்சில் ஓட்டுரிமை என்பார்கள், அதிலும் தவறில்லை. உத்திரமேரூர்க் குடவோலையை வாக்குரிமையின் முன்னோடியாகக் காட்டுவதுதான் பொருந்தவில்லை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுப்பது குலுக்கல். அங்கே நிலம், வயது, கல்வி என்று கல்வெட்டு வகுத்த தகுதிகளெல்லாம் உறுப்பினராக வருபவருக்கு உரியவை.

வாக்குரிமை பெறுவோர் வட்டம் பெரிதாவதை ‘வாக்குரிமை நீட்டிப்பு’ என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படுகிறது. நீட்டிப்பது காலத்தை, பதவிக்காலம் நீட்டிக்கப்படும். இங்கே பெருகுவது ஆட்கள் என்பதால் ‘வாக்குரிமை விரிவாக்கம்’ என்பதே சரி. போட்டியிடும் தகுதியையும் இதோடு குழப்பக்கூடாது. சென்னை மாகாண சட்டமன்றம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அதுவும் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு. அவர்கள் உறுப்பினராக வழி திறந்தது 1926இல்தான்.

மேலவை என்று வந்தால் இந்தச் சொல் தன் பழைய சலுகைப் பொருளுக்கே பாதி திரும்பிவிடுகிறது. அயர்லாந்தின் மேலவையான ஷானட்டில் 60 இடங்கள். 11 பேரைப் பிரதமர் நியமிக்கிறார். 43 பேரை நாடாளுமன்ற உறுப்பினர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதி 6 இடங்கள் பட்டதாரிகளுக்கு. அந்த 6 இடங்களிலும் தேசியப் பல்கலைக்கழகம், டப்ளின் பல்கலைக்கழகம் இரண்டின் பட்டதாரிகளுக்கு மட்டுமே ஓட்டு இருந்தது. மற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கும் விரிவாக்கலாம் என்று 1979இலேயே அரசமைப்பைத் திருத்தினார்கள். திருத்தம் அனுமதித்ததே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வரவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் பழைய ஏற்பாடு செல்லாது என்ற பிறகே, 2024இல் ஒரே உயர்கல்வித் தொகுதியை உருவாக்கும் சட்டம் வந்தது. 2025 ஜனவரித் தேர்தலோ பழைய தொகுதிகளிலேயே நடந்து முடிந்தது. அமெரிக்கா இதைவிட நேராகப் போனது: மாநில சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்துவந்த செனட்டர்களை 1913இன் 17ஆவது திருத்தம் மக்களே தேர்ந்தெடுக்க வைத்தது.

நம் மாநிலங்களவைத் தேர்தலில் ஓட்டு, சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டின் 18 இடங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 6 காலியாகும். ஒரு வாக்கின் மதிப்பு 100. 234 பேரும் வாக்களித்தால் 23,400. இதை, இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் 7ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, 1 கூட்டினால் 3,343. ஆகவே விருப்ப வரிசையில் 34 பேர் முதலிடம் தந்தால் வெற்றி உறுதி. வேட்பாளர் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற விதியை நீக்கிய 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் விரிவாக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதனால் ஓட்டுப் போடுபவர் ஒருவர்கூட அதிகமாகவில்லை. விரிந்தது வேட்பாளர் வட்டம். கூடவே ரகசிய வாக்கும் போய்விட்டது. உறுப்பினர், குறியிட்ட சீட்டைத் தன் கட்சி முகவரிடம் காட்டியாக வேண்டும். வேறு யாரிடமாவது காட்டினால் அந்த ஓட்டு செல்லாது.

பொதுமக்களில் ஒரு பகுதியினருக்காவது நேரடி ஓட்டு இருப்பது மாநில மேலவையில். தமிழ்நாட்டில் அது 1986 நவம்பர் 1 அன்று கலைந்தது. 2010இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும் மறுபடி அமையவில்லை. அரசமைப்பின் 171ஆவது பிரிவின்படி பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்கள் பட்டதாரிகளுக்கு, இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே கற்பிப்பவருக்கு ஆசிரியர் தொகுதியில் ஓட்டு இல்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் வெளியேதான் நிற்கிறார். இதை மாற்ற அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. ‘நாடாளுமன்றம் வேறு சட்டம் செய்யும் வரை’ என்றே அந்தப் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தொடங்குவதால் சாதாரணச் சட்டம் போதும். ஆனாலும் அந்த வாசலை இன்னும் யாரும் திறக்கவில்லை.

கர்நாடகத்தில் மேலவை இருப்பதால், சென்னையில் பட்டம் வாங்கி பெங்களூரில் குடியிருப்பவருக்குப் பட்டதாரி தொகுதி ஓட்டு நேரடியாகப் பயன்படும். இந்தியாவில் உள்ள எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் செல்லும். குடியிருப்புதான் கர்நாடகத் தொகுதிக்குள் இருக்க வேண்டும். தகுதி நாளான நவம்பர் 1க்குக் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு முன்னால் பட்டம் பெற்றிருக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 18, ஆசிரியர்களுக்கு 19. சட்டமன்ற வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது இதற்கு உதவாது, போன தேர்தலில் பதிந்ததும் உதவாது. பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். பலர் ஓட்டை இழப்பது இங்கேதான்.

இந்தத் தேர்தலில் பொத்தானும் முத்திரையும் கிடையாது. சாவடியில் தரும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். தமிழ் எண்ணில் ௧, ௨ என்றும் எழுதலாம். ‘ஒன்று’ என்று எழுத்தால் எழுதக்கூடாது. 2, 3 விடுபட்டால் பரவாயில்லை. 1 இல்லாவிட்டாலோ, இரண்டு பேருக்கு 1 போட்டாலோ, டிக் அடித்தாலோ, சொந்தப் பேனாவால் எழுதினாலோ சீட்டு தள்ளுபடி.