ஆஃப்ஷோர் காற்றாலை 'கடலோரக் காற்றாலை' அல்ல

'ஜெர்மனியில் கடலோரக் காற்றாலைகளை மின்தொகுப்புடன் இணைக்கும் பொறுப்பு யாருக்கு?' இப்படி ஒரு வரியைப் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது, இதில் என்ன பெரிய சிக்கல் என்பதுதான். கடற்கரை மணலில் நிற்கும் காற்றாலைக்கு நாலு கோபுரம் நட்டுக் கம்பி இழுத்தால் வேலை முடிந்தது. 'ஆஃப்ஷோர்' என்பதற்கு மொழிபெயர்ப்பாக வைத்த 'கடலோர' என்ற அந்த ஒரு சொல், கேள்வியின் உயிரையே எடுத்துவிடுகிறது.

ஷோர் என்றால் கரை, ஆஃப் என்றால் விட்டு விலகி. ஆஃப்ஷோர் காற்றாலை கரையை விட்டு விலகிக் கடலுக்குள் நிற்பது. அவ்வளவுதான்.

ஓரம் என்பது ஒட்டி இருப்பது. சாலையோரக் கடை சாலை நடுவில் இருக்காது. கடலோர மாவட்டம், கடலோரக் கிராமம் எல்லாம் நிலத்தில் இருப்பவை. 'கடலோரக் காவல்படை கடலில்தானே சுற்றுகிறது?' என்று கேட்பார்கள். அது காக்கும் இடத்தை வைத்து வந்த பெயர், நிற்கும் இடத்தை வைத்து வந்ததல்ல. காற்றாலை எதையும் காப்பதில்லை. அது நிற்கும் இடம்தான் இங்கே பேச்சு.

நிற்கும் இடம் ஏன் முக்கியம் என்பதற்கு வடகடலில் ஜெர்மனியின் போர்க்கும் (Borkum) என்ற தீவுக்கு அப்பால் உள்ள ரிஃப்காட் காற்றாலைப் பண்ணை போதும். 30 காற்றாலைகள், 108 மெகாவாட். 2013 கோடையில் கட்டி முடித்தார்கள். ஆனால் கரைக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிள் தயாராகவில்லை. அதன் பாதையில் கடலடியில் இரண்டாம் உலகப்போர்க் குண்டுகள் கிடந்தன. 2014 பிப்ரவரியில் இணைப்பு வரும்வரை, இயந்திரங்கள் உப்புக்காற்றில் கெடாமல் இருக்க டீசல் எரித்து அவற்றுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அந்தக் கேபிள் மின்கடத்தல் நிறுவனமான டென்னெட்டின் பொறுப்பு. 2006 முதலே ஜெர்மன் சட்டம் அப்படி. இணைப்பு தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் கிடைக்காவிட்டால், பதினோராம் நாளிலிருந்து இழந்த வருவாயில் 90 சதவீதம் காற்றாலை நிறுவனத்துக்கு இழப்பீடு என்று பின்னர் விதி வந்தது. அந்தச் சுமையில் பெரும்பகுதி மின்கட்டணம் வழியாக மக்கள் தலையில்தான் விழுகிறது. பிரிட்டனில் வழி வேறு: பெரும்பாலும் காற்றாலை நிறுவனமே கேபிளைப் போடும், அப்புறம் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் ஏலம் நடத்தி அதை வேறொரு உரிமதாரரிடம் ஒப்படைக்கும். இத்தனை சட்டமும் கரைக்கும் காற்றாலைக்கும் நடுவே கிடக்கும் தண்ணீருக்காக. 'கடலோர' என்றதும் அந்தத் தண்ணீர் காணாமல் போய்விடுகிறது.

வேறு சில சொற்களும் புழங்குகின்றன. 'கடல்கடந்த' என்றால் அக்கரை, கடல்கடந்த வாணிபம் போல. 'கரைகடந்த' இன்னும் மோசம். புயல் கரையைக் கடந்தது என்றால் கடலிலிருந்து நிலத்துக்குள் வந்தது என்று பொருள். திசையே தலைகீழ். 'கடல்சார்' தப்பில்லை, ஆனால் மீன்பிடி முதல் துறைமுகம் வரை எல்லாவற்றுக்கும் அதுதான்.

கடல் காற்றாலை என்று எழுதினாலே போதும், எதிர்ச்சொல் தரைக் காற்றாலை. சேர்த்து 'கடற்காற்றாலை' என்றால் கடற்காற்று ஓட்டும் ஆலை என்றும் படிக்கலாம். ஆகவே பிரித்தே எழுதுவோம். புணர்ச்சி விதியை விடப் படிப்பவருக்குப் புரிவது பெரிது. சரியான சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள்மீதுதான் எனக்கு வருத்தம்.

இது ஐரோப்பாவோடு முடிகிற கதையும் இல்லை. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கடலுக்குள் கட்டும் துணைமின் நிலையம் உட்பட மின்சாரத்தைக் கரைசேர்க்கும் வேலை ஒன்றிய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட்டுக்கு. அந்த நிலையத்தையும் 'கடலோரத் துணைமின் நிலையம்' என்றே எழுதினால், கேபிள் கரையேறும் இடத்தில் உள்ள நிலையத்தை என்னவென்று எழுதுவார்கள்?