பரவலைக் கசிவு என்பது தகுமா?

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்கும் யாழ்ப்பாண மாணவர் ஒருவர் சென்ற கிழமை என்னிடம் கொண்டுவந்த, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த பயிற்சித்தாளில், ‘நுண்டுளைத் திண்மத்தினூடாக வாயுக் கலவையின் கசிவு’ என்று தலைப்பிட்டிருந்தார்கள். இந்தப் பிழையை நான் காண்பது இது முதன்முறையன்று.

இங்கே கருதப்படுவது ‘டிஃபியூசன்’ (diffusion), அதாவது மூலக்கூறுகள் தம் இயக்கத்தால் தாமாகவே பரவிக் கலத்தல். பல திசையிலும் ஊற்றிச் சிந்துவதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு, நம் பாடநூல்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘பரவல்’ நன்கு பொருந்துகிறது.

‘கசிவு’ ஏன் பொருந்தாது? புதிய மண்பானையில் நீரை நிரப்பிவைத்தால் சற்று நேரத்தில் அதன் வெளிப்புறம் ஈரமாகி, தொட்ட விரல் நனைகிறது, அது கசிவு. உள்ளிருப்பது ஒரே திசையில் வெளியேறுகிறது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வருவதில்லை. அதே போன்ற, மெருகிடாத உலர்ந்த மண்கலமொன்றில் வளியை அடைத்து, வெளியே ஐதரசனைச் சூழவிட்டால், தொடக்கத்தில் இரு புறமும் அமுக்கம் சமமாயிருந்தும், ஐதரசன் உள்ளே புகுகிறது, வளி வெளியே வருகிறது. ஐதரசன் சுமார் 3.8 மடங்கு விரைந்து புகுவதால் கலத்தினுள் அமுக்கம் ஏறிவிடுகிறது. எதிரெதிராக நிகழும் இந்த இடமாற்றத்தைக் கசிவு என்றால், அமுக்க வேறுபாடு இல்லாமல் எதுவும் நகராது என்றே மாணவர் எண்ணிக்கொள்வார். இரசாயனவியலாளர் தோமஸ் கிரகாம் பாரிசுச் சாந்து அடைப்பானைக் கொண்டு ஆராய்ந்து 1833இல் வெளியிட்ட விதி, பரவல் வீதம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதசமன் என்பதாகும். ஐதரசன் ஒட்சிசனைவிட நான்கு மடங்கு விரைந்து பரவுவது இதனாலேயே.

இன்னொரு கேடும் உண்டு. அமுக்கத்தால் அகன்ற துளைகளினூடாகத் தள்ளப்படும் கலவை, தன் கூறுகளின் விகிதம் மாறாமலே வெளிவரும். பரவலிலோ இலேசான வாயு முந்திக்கொள்வதால் கலவை பிரிகிறது. துளைகள் மிக நுண்ணியவையாகி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரோடு மோதுவதே மிகுந்தால், டென்மார்க்கின் பௌதிகவியலாளர் மார்ட்டின் குனுட்சன் 1909இல் விளக்கிய வகைப் பரவல் நிகழும். பிரிக்கும் செயலுக்கும் பிரிக்காத செயலுக்கும் ஒரே பெயரைச் சூட்டும் மொழிபெயர்ப்பாளர், செய்தித்தாளின் ‘வாயுக் கசிவு’ எனும் தொடரை எடுத்துவந்து பாடத்தில் ஒட்டியிருக்கிறார் என்றே கருதுகிறேன். பொருளை அறியாமல் பழகிய சொல்லைத் தேடும் இவ்வழக்கம் இன்று மிகுந்துவிட்டது.

பொதுவாகப் ‘பரவல்’, திண்மத்தின் துளைகளைச் சுட்டவேண்டியவிடத்து ‘நுண்டுளைப் பரவல்’. அமுக்கத்தால் நிகழ்வதற்குப் ‘பாய்ச்சல்’. மாணவரின் தாளில் ‘கசிவு’ வந்த இடமெல்லாம் அடித்து, இவற்றையே எழுதிக் கொடுத்தேன்.