சூப்பர்நோவாவின் முதல் வாரம்: மெல்லிய கோட்டை நம்பும் முன்

2023 மே 19 அன்று எம்101 விண்மீன் திரளில் எஸ்.என். 2023ஐஎக்ஸ்எஃப் என்ற சூப்பர்நோவாவை (விண்மீன் வெடிப்பை) ஜப்பானியர் கோயிச்சி இட்டகாகி கண்டபோது, அது வெடித்து ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆகியிருந்தது. சில மணி நேரத்தில் எடுத்த நிறமாலையிலேயே (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) ஹைட்ரஜன், அயனியான ஹீலியம், கார்பன், நைட்ரஜன் ஆகியவற்றின் மெல்லிய ஒளிர்கோடுகள் இருந்தன. ஒரு வாரம் போனதும் அவை பெரும்பாலும் காணாமல் போய்விட்டன.

அந்தக் கோடுகளைத் தந்தது வெடித்துச் சிதறிய வாயு அல்ல. சாவதற்கு முன் விண்மீன் தன்னைச் சுற்றி உதறியிருந்த வாயு. வெடிப்பின் கதிர்வீச்சு பட்டு அது ஒளிர்கிறது. பின்னாலேயே வரும் சிதறல் அதை விழுங்கிவிடுகிறது. சிதறலின் வேகம் வினாடிக்கு சுமார் 10,000 கி.மீ., உதறிய வாயுவின் வேகம் 100 கி.மீ. என்று வையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் விண்மீனின் கடைசிக் காலத்தில் 100 நாள் வரலாறு அழிகிறது. வாயு 10 கி.மீ. வேகத்தில்தான் கிளம்பியது என்றால், அழிவது 1,000 நாள். (வெடிப்பின் ஒளியே வாயுவை முன்னே தள்ளிவிடும். ஆகவே கோட்டில் அளக்கும் வேகம் விண்மீன் கொடுத்த வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம்.)

படத்தில் புதுப் புள்ளி தெரிந்தால், பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். சிறுகோள் பட்டியலைப் பாருங்கள். தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தி, அரை மணி கழித்து இன்னொரு படம் எடுங்கள். சிறுகோள் என்றால் விண்மீன்களிடையே இடம் மாறியிருக்கும். கேமராவின் கெட்ட பிக்ஸல் என்றால் சென்சாரில் அதே இடத்தில் நிற்கும். பிறகு புதிதாகத் தோன்றும் வான்பொருள்களைப் பதியும் இணையப் பட்டியலான டிரான்சியன்ட் நேம் சர்வரில் பதியுங்கள். பலர் அலட்சியம் செய்வது, புள்ளி 'தெரியாத' கடைசிப் படத்தின் நேரத்தையும் அதில் எட்டிய மங்கல் வரம்பையும் (எவ்வளவு மங்கலான பொருள்வரை தெரிந்தது என்பதையும்). வெடித்த நேரத்தை இறுக்கிப் பிடிப்பதே அந்த இரண்டு எண்கள்தான்.

அடுத்தது நிறமாலை. ஹைட்ரஜனின் முக்கியக் கோடான ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில் வரும். வாயுவின் வேகம் கூடினால் கோடு அகலும். அங்கே 10,000 கி.மீ. வேகம் சுமார் 22 நானோமீட்டராக விரியும்; 100 கி.மீ. வேகம் வெறும் 0.22 நானோமீட்டர். இதைப் பிரிக்க 3,000 பிரிதிறன் (அலைநீளத்தைப் பிரித்தறியும் மிகச் சிறிய இடைவெளியால் வகுத்த எண்) வேண்டும். 500 பிரிதிறன் கருவியில் கோடு உண்டா இல்லையா என்று சொல்லலாம். ஆனால் அதில் தெரியும் அகலம் கருவி தரும் அகலம்தான். அதையே விண்மீன் காற்றின் வேகம் என்று எழுதிவிடக் கூடாது.

ஆனால் ஆளை அதிகம் ஏமாற்றுவது பின்னணிதான். இப்படி வெடிக்கும் பெரிய விண்மீன்கள் குறுகிய ஆயுள் கொண்டவை. பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போவதற்குள் வெடிக்கின்றன. அதனால் பக்கத்தில் ஒளிரும் ஹைட்ரஜன் முகில் இருப்பது சகஜம். அதுவும் மெல்லிய ஹைட்ரஜன் கோட்டைத் தரும். கூடவே 658.3-இல் நைட்ரஜன், 671.6, 673.1-இல் கந்தகம், 500.7-இல் ஆக்சிஜன் கோடுகள் தெரிந்தால், முகிலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடர்த்தியான வாயுவில் இந்தக் கோடுகள் எழும்பாது. நிறமாலையின் இருபரிமாணப் படத்தைத் திறந்து, கோடு சூப்பர்நோவாவின் தடத்தைத் தாண்டி ஸ்லிட் (ஒளி நுழையும் குறுகிய பிளவு) நெடுகிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முகிலின் பங்கு நிச்சயம் உண்டு. மாறாக 468.6-இல் அயனி ஹீலியம் இருந்து, கோட்டின் உச்சி கூர்மையாகவும் அடி இருபுறமும் அகன்றும் இருந்து, சில நாளில் மறைந்தால் அது விண்மீன் உதறியது. அந்த அகன்ற அடி, அடர்வாயுவில் எலெக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது.

பின்னணியைக் கழிக்கும்போதும் கவனம் தேவை. முகில் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு பக்கத்துப் பிரகாசமான திட்டை மட்டும் எடுத்துக் கழித்தால், கோடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் விழும். அதை உட்கவர்கோடு (வாயு ஒளியை விழுங்கியதால் வரும் இருண்ட கோடு) என்று நம்பி ஆய்வுக்கட்டுரை வரை போனவர்களும் இருப்பார்கள். சூப்பர்நோவாவின் இருபுறமும், இரண்டு மூன்று இடங்களில் பின்னணி எடுத்துக் கழித்து, பள்ளம் மாறுகிறதா என்று சோதியுங்கள்.

முதல் வாரத்தோடு கோப்பை மூடவும் கூடாது. என்.ஜி.சி. 7331-இல் வெடித்த எஸ்.என். 2014சி ஹைட்ரஜன் இல்லாத வகையாகத்தான் தொடங்கியது. ஓராண்டுக்குள் ஹைட்ரஜன் கோடுகள் வலுத்தன. விண்மீன் முன்பே கழற்றியிருந்த கூட்டில் சிதறல் போய் மோதியிருந்தது. எஸ்.என். 1987ஏ-வாக வெடித்த விண்மீன், அதற்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் விட்ட வளையத்தை வெடிப்பலை எட்ட 1990களின் நடுப்பகுதி ஆனது. மாதம் ஒரு நிறமாலை, சூரியனுக்குப் பின்னிருந்து வெளிவந்ததும் உடனே ஒன்று: ஹைட்ரஜன் கூட்டைப் பிடிக்க இந்த இடைவெளி போதும்.