வட்டமாக உட்கார்ந்தால் மட்டும் சொல் மனதில் நிற்காது

ஆங்கிலம் கற்க வரும் பெரியவர்களுக்கு அகராதியில் பொருள் தேடுவது கஷ்டமில்லை. அந்தச் சொல் தேவைப்படும் நேரத்தில் வாயில் வருவதுதான் கஷ்டம். எல்லார் முன்னாலும் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம் வேறு. மூன்று பேர் முன்னால் தடுமாறுவதில் அவ்வளவு பயமில்லை. அதனால்தான் புதுச் சொற்களைக் கூட்டுக் கற்றல் முறையில், அதாவது சிறு குழுவாக ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் முறையில், நடத்துகிறேன்.

ஆனால் நாற்காலிகளை வட்டமாகப் போடுவது கூட்டுக் கற்றல் ஆகாது. நன்றாகத் தெரிந்த ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வகுப்பு கலகலப்பாக இருக்கும், ஆனால் சொல் பதியாது. இந்தத் துறையில் நிறைய ஆய்வு செய்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வலியுறுத்தும் அடிப்படைகளில் இரண்டு எனக்கு மிக முக்கியம். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் முடிக்க முடியாத வேலையாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனியாகவும் பதில் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டுக்கும் ஏற்றது ஜிக்சா முறை. உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கியது. பெரியவர்களுக்கும் நன்றாகவே பொருந்துகிறது. நான்கு பேர் கொண்ட குழுவுக்குப் பன்னிரண்டு சொற்கள், ஆளுக்கு மூன்று. வெவ்வேறு குழுக்களில் ஒரே சொற்கள் கிடைத்தவர்கள் முதலில் தனியே கூடி உச்சரிப்பு, பொருள், சொந்த வாக்கியம் மூன்றையும் தயார் செய்கிறார்கள். அப்புறம் அவரவர் குழுவுக்குத் திரும்பிக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

உண்மையான கற்றல் இங்கேதான் நடக்கிறது. 'போஸ்ட்போன்' என்றால் தள்ளிப்போடுவது என்று ஒருவர் சொல்லி முடிப்பார். "அப்போ கேன்சலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். சொன்னவர் யோசிப்பார், ஒன்றில் சந்திப்பு வேறு தேதிக்குப் போகிறது, இன்னொன்றில் சந்திப்பே கிடையாது என்று விளக்குவார். நான் பலகையில் எழுதிப்போட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. இப்படி விளக்கும்போது தாய்மொழியில் பேசிக்கொண்டாலும் நான் தடுப்பதில்லை.

கடைசியில், மருத்துவருடனான அப்பாயின்ட்மென்ட்டை மாற்றக் கேட்கும் தொலைபேசி உரையாடலைக் குழுவாக எழுதச் சொல்வேன். பன்னிரண்டு சொற்களும் அதில் வர வேண்டும். பிறகு யாரையாவது எழுப்பி, அவர் கற்றுக்கொடுக்காத சொல் ஒன்றைக் கேட்பேன். இந்தக் கேள்வி உண்டு என்று தெரிந்தாலே, மற்றவர் விளக்கும்போது எல்லாரும் காதுகொடுத்துக் கேட்பார்கள். அடுத்த வகுப்பிலும், சில நாள் கழித்தும் அதே சொற்களை மறுபடி கேட்க வேண்டும்.

சொல் தேர்வில் ஒரு எச்சரிக்கை. பொருளில் நெருங்கிய புதுச் சொற்களையும் எதிர்ச்சொற்களையும் ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஒரே சூழலில் வரும் வெவ்வேறு சொற்களே நல்லது.

வேலை, குடும்பம் என்று பெரியவர்கள் அடிக்கடி வகுப்புக்கு வர முடியாமல் போவார்கள். ஒருவர் வராவிட்டால் அவருடைய மூன்று சொற்களும் குழுவுக்குக் கிடைக்காமல் போய்விடும். அதனால் சொற்கள் எழுதிய அட்டைகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். வராதவரின் சொற்களை இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டே ஆரம்பியுங்கள்.